கொங்குக் கல்லின் பூர்வீகம்

ஆனி, ஆடி மாதங்களில் சிங்காநல்லூர்க் குளக்கரையில் நிற்பவர்கள், மேற்கிலிருந்து இடைவிடாது வந்து மரங்களை ஒருபுறமாகச் சாய்க்கும் காற்றை நன்கு அறிவார்கள். தபதி நதிக்கு அருகே தொடங்கிக் குமரிமுனை வரையில் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தூரம் ஓங்கிச் செல்லும் மேற்குத் தொடர்ச்சி மலை, வேறெங்கும் காணாத அளவில் இந்த ஓரிடத்தில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு அற்றுப்போய், வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் எதிரெதிராக நிற்க, நடுவே பாலக்காட்டுக் கணவாய் என்னும் தாழ்நிலத்தைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தத் திறப்பின் வழியே காற்று மட்டுமா வந்தது? முசிறித் துறைமுகத்துக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே வாணிகச் சாத்துகள் நடந்ததும் அவ்வழியே. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை 1862-ல் போத்தனூரைத் தொட்டு மலையேறாமலே மலையைக் கடந்ததும் அவ்வழியே. நீலகிரியின் செங்குத்தான விளிம்பிலிருந்து விழும் பைக்காரா நீரால் 1932-ல் மின்சாரம் பிறந்தபின், சிங்காநல்லூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன என்பதும் யாவரும் அறிந்த சரித்திரம்.

ஆயினும், மலை ஏன் இந்த இடத்தில் அற்றது, அதன் விளிம்பு ஏன் இத்தனை செங்குத்தாக இருக்கிறது என்ற கேள்விகளைக் கொங்கு நாட்டுச் சரித்திரம் எழுதியவர்கள் பெரும்பாலும் எழுப்பியதில்லை. சேரரில் தொடங்கிக் கொங்குச் சோழர், ஹொய்சளர், நாயக்கர், திப்பு என்று இறங்கி வரும் அந்த வரலாறு, இவர்கள் அனைவரும் காலூன்றி நின்ற பாறையை ஓர் அசையாத மேடையாகவே எண்ணிக்கொண்டது. அந்தப் பாறைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. அது ஒரு காலத்தில் பூமியின் மேற்பரப்பிலிருந்து பல பத்துக் கிலோமீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்து, அங்கே உருமாறி, மீண்டும் மேலேறி வந்தது. இதை மனிதர் எவ்வாறு சிறிது சிறிதாகக் கண்டுகொண்டார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கல்லை முதலில் அறிந்தவர்கள் அதை விலைப்பொருளாகவே அறிந்தார்கள். சிங்காநல்லூருக்கு அண்டையிலுள்ள வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டு பூமியிலிருந்து ஐந்நூறுக்கு மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் வெளிப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய சக்கரவர்த்திகளின் முத்திரை தாங்கியவை. பின்னர் 1891-லும் 1931-லும் அதே ஊரில் மேலும் காசுப் புதையல்கள் கிடைத்தன. நொய்யலாற்றின் ஓரமாகக் கிழக்கே சென்றால், சென்னிமலைக்கு அருகில் ஆற்றின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பது அறிஞர்களின் துணிபு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அங்கே நடத்திய அகழாய்வுகளில், பச்சைக்கல், நீலக்கல், செவ்வந்திக்கல், சூதுபவளம், பளிங்கு முதலியவற்றைப் பிளந்து, தேய்த்து, துளையிட்டு மணிகளாக்கிய பட்டறைகளின் எச்சங்கள் முடிந்த மணிகளோடும் முடியாத மணிகளோடும் கிடைத்தன. அப்பச்சைக்கல் காங்கேயத்துக்கு அருகிலுள்ள படியூரில் விளைவது. இவ்வகைக் கல் இந்தியாவைத் தவிர வேறிடங்களில் அபூர்வமாகவே கிடைக்கிறது என்று ரோமானிய ஆசிரியர் பிளினி எழுதினார். 1819, 1820 ஆகிய ஆண்டுகளில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் படியூர்ச் சுரங்கத்தைத் தோண்டி 2,000-க்கு மேற்பட்ட கற்களை எடுத்தார்.

கொடுமணலில் மணிக்குத் துளையிட்ட கம்மியனை நான் பெரிதும் மதிக்கிறேன். எந்தக் கல் எந்தத் திசையில் பிளக்கும், எது வெங்கச்சங்கல்லையும் கீறும், எது சூட்டில் நிறம் மாறும் என்பதையெல்லாம் எந்தப் புத்தகமும் இல்லாமல் தன் விரல்களாலேயே கற்றவன் அவன். கல்லின் குணத்தை அறிந்த அந்த ஞானத்துக்கும், அதன் பிறப்பை அறிய முற்பட்ட பிற்கால சாஸ்திரத்துக்கும் இடையே பதினெட்டு நூற்றாண்டுகள் கடந்தன.

பூர்ணோன் பிரபு என்ற பிரெஞ்சு தாதுவியலார் 1802-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில், தென்னிந்தியாவிலிருந்து வந்த குருந்தக் கல்லையும் அதனோடு ஒட்டிவந்த தாய்ப்பாறையின் தாதுக்களையும் வர்ணித்தார். அந்தத் தாய்ப்பாறை இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் வெண்மையாகப் பரந்து கிடக்கும் அனார்த்தோசைட் என்பது பிற்காலத்தவர் கொண்ட முடிவு. 1851-ல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தோன்றிய பிறகு, வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபுட் ஆகியோர் சேலம், திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களைக் கால்நடையாகவும் குதிரையிலும் சுற்றிப் பாறைப் படங்களை வரைந்தார்கள். இவர்களுக்குப் பின் வந்த தாமஸ் ஹாலண்டின் பெயர் நம் நாட்டுக் கல்லோடு நிலைத்துவிட்டது. கல்கத்தா செயின்ட் ஜான் தேவாலயத்தில் ஜோப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் சமாதிக்கு இட்ட கல், சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லே என்று கண்ட அவர், அவ்வினப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டு, 1900-ல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். மறு ஆண்டே, காங்கேயத்துக்கு அருகிலுள்ள சிவன்மலையின் பாறைகளையும் அவற்றில் விளையும் குருந்தத்தையும் பற்றித் தனி நூல் எழுதினார். முருகன் கோயில் கொண்ட அந்தக் குன்று, உலகத்துப் பாறை சாஸ்திரிகளின் கிரந்தங்களில் இடம்பெற்றது அன்று முதல்தான்.

ஹாலண்ட் சார்னோகைட்டை உருகிய குழம்பு இறுகி உண்டான பாறை என்று கருதினார். நீலகிரி முழுவதும் அதனால் ஆனது. சேர்வராயனும் பழனிமலையும் அதற்கு உறவுடையவை. ஆனால் அதே பாறைகளுக்குள் கார்னெட் என்னும் செம்மணிகள் ஏன் இத்தனை மிகுந்திருக்கின்றன, ஈரப்பசையுள்ள தாதுக்கள் ஏன் இத்தனை குறைந்திருக்கின்றன என்ற ஐயங்களுக்கு அக்காலத்தில் நிறைவான விடை இல்லை. கண்டங்கள் நகர்கின்றன என்று வெகெனர் 1912-ல் சொன்னபோது பலர் அதை நம்பவில்லை. தாதுக்களின் அமைப்பைக் கொண்டே அவை எந்த அழுத்தத்தில், எந்த உஷ்ணத்தில் உருவாயின என்று கணக்கிடும் முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் முதிர்ந்தது. அந்தக் கணக்கின்படி நீலகிரியின் பாறை, இன்றைக்குச் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் தோலுக்கு அடியே 25 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வெந்து உருவானது. தொட்டபெட்டாவில் நாம் மிதிக்கும் கல்லின்மீது ஒரு காலத்தில் அத்தனை கனமான பாறை படிந்திருந்து, பின்னர் மழையாலும் ஆற்றாலும் கரைந்து போயிருக்கிறது.

இந்த ஆழம் எதுவரை செல்லும் என்ற கேள்விக்கு விடை, அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. நார்ட்டன் என்ற சாணைக்கல் கம்பெனியில் வேலை செய்த லோரிங் கோஸ் என்பவர், 1953-ல் சாதாரணமான சிலிக்காவைப் பெரும் அழுத்தத்துக்கு ஆட்படுத்தி, வெங்கச்சங்கல்லின் பொருளே ஆயினும் அதைவிடக் கனமான புதிய தாது ஒன்றை உண்டாக்கினார். அதற்குக் கோசைட் என்று அவர் பெயரே வழங்கலாயிற்று. அது உருவாக வேண்டுமானால் ஏறக்குறைய 27 கிலோபார் அழுத்தம் தேவை. பூமிக்குள் அந்த அழுத்தத்தைக் காண 90 கிலோமீட்டர் இறங்க வேண்டும். 1960-ல் அரிசோனாவின் விண்கல் பள்ளத்தில் அது கிடைத்தபோது, ஆகாயத்திலிருந்து விழுந்த அடியே அதற்குக் காரணம் என்று சொல்ல முடிந்தது. கண்டத்தின் பாறையில் அது இருக்க முடியாது என்றே யாவரும் கருதினர். ஏனெனில், சமுத்திரத்தின் அடித்தளப் பாறை கனமானது, ஆகவே பூமிக்குள் இறங்கும். கண்டத்தின் பாறை இலேசானது, ஆகவே மேலேயே நிற்கும் என்பது அன்றைய சித்தாந்தம்.

1984-ல் அந்தச் சித்தாந்தம் உடைந்தது. இத்தாலியின் மேற்கு ஆல்ப்ஸ் மலையில் டோரா மைரா என்னுமிடத்தில் எடுத்த கார்னெட் மணிகளுக்குள் கிறிஸ்டியன் ஷோப்பேன் கோசைட்டைக் கண்டார். அதே ஆண்டில் நார்வேயின் பாறைகளில் டேவிட் ஸ்மித் அதைக் கண்டார். 1990-ல் கஜகஸ்தானத்துக் கோக்செதாவ் பாறையில், கார்னெட்டுக்குள் நுண்ணிய வைரங்களே இருப்பதை ருஷ்ய அறிஞர்களான சோபலெவும் ஷாட்ஸ்கியும் அறிவித்தார்கள். வைரம் உண்டாக இன்னும் அதிகமான ஆழம் வேண்டும். கண்டத்தின் மேல்தோலான பாறையும் நூறு கிலோமீட்டருக்கு மேல் அமிழ்ந்து திரும்பியிருக்கிறது என்பது இவற்றால் ருசுவாயிற்று.

அது நடக்கும் விதத்தைச் சற்று விளக்க வேண்டும். இரு கண்டங்களுக்கு இடையே உள்ள சமுத்திரம் ஒரு கரையின் அடியில் புகுந்து சுருங்கிக்கொண்டே போகும்போது, அந்தச் சமுத்திரத் தளத்தின் மறுமுனையில் ஒட்டியுள்ள கண்டமும் இழுபட்டு வருகிறது. சமுத்திரம் முற்றும் மறைந்தபின், ஏற்கனவே கீழே இறங்கிவிட்ட கனத்த தளம் கண்டத்தின் முகப்பையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கிய நெட்டிக்கட்டை கயிறு அறுந்தவுடன் மேலே கிளம்புவதுபோல, ஆழத்தில் அந்தத் தளம் ஒருநாள் இற்று விழுந்ததும், இலேசான கண்டப் பாறை வந்த வழியே மேலெழுகிறது. போகும்போது பசால்ட் போன்ற கரும்பாறைகள், செங்கார்னெட்டும் பச்சை நிற ஆம்பசைட்டும் கூடிய எக்லோகைட் என்னும் அழகிய பாறையாக மாறுகின்றன; வெங்கச்சங்கல் கோசைட்டாக மாறுகிறது. திரும்பும்போது அழுத்தம் தளர்ந்து அனேகமாக எல்லாமே பழைய உருவுக்கு மீளுகின்றன. கார்னெட்டுக்குள் சிறைப்பட்ட சில துணுக்குகள் மட்டுமே சாட்சியாகத் தப்புகின்றன. கோசைட் வெங்கச்சங்கல்லாகும்போது பருமன் கூடுவதால், அதைச் சூழ்ந்த கார்னெட்டில் நான்கு புறமும் கதிர்களாக வெடிப்புகள் ஓடுகின்றன. நுண்பெருக்கிக் கண்ணாடியில் அந்தக் கதிர் வெடிப்பைக் கண்டே ஆராய்ச்சியாளர்கள் முதலில் சந்தேகம் கொள்கிறார்கள்.

நம் நாட்டில் இதற்கு உத்தமமான உதாரணம் லடாக்கில் உள்ளது. கடல் மட்டத்துக்கு 4,500 மீட்டருக்கு மேலே அமைந்த சோ மோராரி ஏரியின் பக்கத்துப் பாறைகளில், டேராடூனிலுள்ள வாடியா ஹிமாலய நிலவியல் நிறுவனத்தைச் சேர்ந்த முகர்ஜியும் சச்சானும் கோசைட் இருப்பதை 2001-ல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு பாகிஸ்தானத்துக் காகான் பள்ளத்தாக்கிலும் அது அறிவிக்கப்பட்டது. இடையே கிடந்த டெதிஸ் என்னும் சமுத்திரம் மறைந்து, இந்தியக் கண்டம் ஆசியாவின்மேல் மோதிய முதற்கணத்தில், அதாவது இன்றைக்குச் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவின் வடமுனைப் பாறை 90 கிலோமீட்டருக்கு மேல் இறங்கி, நிலவியல் கணக்கில் மிகச் சொற்பமான காலத்திலேயே திரும்பி வந்தது என்பதற்கு அந்தத் துணுக்குகளே ஆதாரம். ஹிமாலயத்தின் உயரத்தைப் பற்றி நாம் எத்தனையோ பேசுகிறோம். அதன் ஆழத்தைப் பற்றிய இந்த அறிவு அதற்குக் குறைந்த அதிசயமன்று.

இனி நொய்யலுக்கு வருவோம். 1980-ல் டிரூரி, ஹோல்ட் என்ற இரு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள், லாண்ட்சாட் விண்கலம் எடுத்த படங்களை ஆராய்ந்து, தென்னிந்தியாவின் குறுக்கே கிழக்கு மேற்காக ஓடும் நீண்ட கோடுகளைக் குறித்தார்கள். மோயாறும் பவானியும் அவற்றுள் ஒரு கோட்டை அனுசரித்துப் பாய்கின்றன. நொய்யலும் அது கலக்கும் காவேரியும் மற்றொன்றை அனுசரிக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் இக்கோடுகளின் மேற்கு முனையில் அமைந்திருக்கிறது. பூமியின் தோல் இங்கே ஆழமாக நசுங்கி, பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்து நழுவியிருக்கின்றன. அந்த நலிந்த பட்டையை ஆறுகளும் காலமும் எளிதில் அரித்ததாலேயே மலை இங்கு அற்றது என்பது பெரும்பாலோர் ஏற்கும் அபிப்பிராயம். குப்பத்திலிருந்து பழனி வரையில் ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் வெடிவைத்து, அந்த அதிர்வின் எதிரொலியைக் கொண்டு பூமியின் உட்புறத்தை அளந்தபோது, ஆழத்திலுள்ள அடுக்குகள் எதிரெதிர்த் திசைகளில் சாய்ந்து கிடப்பது தெரிந்தது. அவர்கள் அதை ஒரு பழைய மோதலின் அடையாளமென்று கொண்டார்கள்.

எந்த மோதல்? ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை, அண்டார்க்டிகா முதலியன ஒன்றாகக் கூடிக் கோண்டுவானா என்ற மகா கண்டமாயின காலம், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. அதற்கு முன் அவற்றினிடையே மொசாம்பிக் சமுத்திரம் என்று அறிஞர் பெயரிட்ட ஒரு கடல் கிடந்தது. அந்தக் கடல் மூடிய தையல் நம் கொங்கு நாட்டின் ஊடேதான் செல்கிறது என்று 2007-ல் காலின்ஸ் முதலானோர் எழுதினார்கள். 2009-ல் சந்தோஷ், மருயாமா, சாட்டோ ஆகியோர் அத்தையலின் உள்ளமைப்பை விரித்துரைத்தார்கள். அதே 2009-ல், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் சஜீவும் அவர் தோழர்களும், பாலக்காடு–காவேரி மண்டலத்துப் பாறையொன்று முன்னொரு காலத்தில் எக்லோகைட்டாக இருந்து பின் உருக்குலைந்தது என்றும், அது 20 கிலோபார் அழுத்தத்தையும் 1,020 டிகிரி உஷ்ணத்தையும் கண்டது என்றும் அறிவித்தார்கள். 20 கிலோபார் என்றால் 65 கிலோமீட்டருக்குக் குறையாத ஆழம். மதுக்கரையில் 1930-களில் சிமெண்ட் ஆலையை வரவழைத்த சுண்ணாம்புக்கல்கூட, உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் பளிங்காக உருமாறிய பாறையே.

இக்கொள்கையை எல்லோரும் ஏற்கவில்லை. கண்டங்களின் எல்லை இன்னும் தெற்கே, கரூரிலிருந்து கம்பம் வழியாகத் திருச்சூர் நோக்கிச் செல்லும் கோட்டில் இருக்கிறது என்று கோஷ், டி விட், ஜார்ட்மன் ஆகியோர் 2004-ல் வாதித்தார்கள். இப்பாறைகளில் கண்ட மாற்றங்கள் பலவும் 250 கோடி ஆண்டுப் பழமையான வேறொரு மோதலைச் சேர்ந்தவை என்பாரும் உளர். இவ்விவாதம் தீராமல் இருப்பதற்கு ஒரு காரணம், நம் பாறைகள் பட்ட உஷ்ணம். லடாக்குப் பாறை ஒப்புநோக்கக் குளிர்ந்த நிலையில் இறங்கி விரைவில் மீண்டதால், கோசைட் துணுக்குகள் பிழைத்தன. கொங்குப் பாறையோ ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூடேறி, அவ்வுஷ்ணத்தில் பழைய தாதுக்களெல்லாம் கரைந்து புதியவை பிறக்கும்படி ஆயிற்று. ஆகவே இங்கே கோசைட்டோ வைரமோ கிடைக்கவில்லை. கோசைட்டோ வைரமோ உண்டாகும் அளவுக்கு ஆழம் கண்ட பாறைகளுக்கு வழங்கும் அதியழுத்த உருமாற்றம் என்ற பெயர் லடாக்குக்கே தகும், கொங்குக்குத் தகாது. உலகில் இதுவரை கண்ட கோசைட் பாறைகளிலேயே மிகப் பழமையானவற்றுள் ஒன்றான ஆப்பிரிக்க மாலி நாட்டுப் பாறை 62 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டது. அதற்கும் முந்திய யுகங்களில் பூமியின் உட்புறம் அதிக வெப்பமாக இருந்ததால், கண்டங்கள் இவ்வாறு ஆழ இறங்கி மீளும் வழக்கம் அப்போது தொடங்கியிருக்கவில்லை என்று பலர் கருதுகிறார்கள். கோண்டுவானா கூடியது அந்த வழக்கம் தொடங்கிய காலத்தை ஒட்டியே. அதனால்தான் நொய்யல் பிரதேசத்தின் சாட்சியம், அரைகுறையாக அழிந்ததாயினும், உலகத்தாருக்கு அருமையாக இருக்கிறது.

இந்த இடத்தில் என் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். காங்கேயம், பல்லடம், சூலூர், மதுக்கரைப் பக்கங்களில் கரடுகளை வெட்டி ஜல்லியும் மணலும் ஆக்குகிறார்கள். வீடும் பாலமும் கட்டக் கல் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கரடு முழுவதும் மறையும்போது, அதன் ஊடே ஓடிய கார்னெட் பட்டை எந்தத் திசையில் சாய்ந்திருந்தது, எதன் அடியில் எது புகுந்திருந்தது என்ற செய்தியும் அதோடு மறைகிறது; பின்னர் எத்தனை நுட்பமான யந்திரம் வந்தாலும் அதை மீட்க இயலாது. கல்வெட்டுள்ள பாறையை உடைத்தால் ஊரே திரண்டு தடுக்கிறது. வரைந்தவர் எவருமில்லாத இந்த எழுத்துக்கும் ஒரு சிறு பதிவேனும், குவாரிக்கு உரிமம் தரும் அதிகாரிகள் செய்து வைக்கலாகாதா என்று கேட்பது மிகையாகாது.

சித்தம்பூண்டியின் கதை இதற்கு நேர்மாறானது. ஏ. பி. சுப்பிரமணியம் 1956-ல் அந்தப் பாறைத் தொகுதியைப் பற்றி எழுதிய விரிவான கட்டுரையால் அது உலகப் பிரசித்தி பெற்றது. சந்திரனின் வெண்மையான மேட்டு நிலங்களும் அனார்த்தோசைட்டால் ஆனவை என்று பிற்காலத்தில் தெரிந்ததால், சந்திரயான்-2 ஊர்தியைச் சோதிக்க வேண்டிய செயற்கை நிலவு மண்ணுக்கு, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தாரின் துணையோடு இஸ்ரோ விஞ்ஞானிகள் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் பாறையைத் தேர்ந்தார்கள். பூர்ணோன் 1802-ல் வர்ணித்த தாய்ப்பாறையின் இனம் பெங்களூரில் நிலவின் தரையாகப் பரப்பப்பட்டது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்த ஊர்ப் பாறை அறிஞர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததே அதற்கு வாய்த்த நற்பேறு.

இன்று செய்ய வேண்டிய வேலை தெளிவாகவே தெரிகிறது. சிர்க்கான் என்னும் நுண்மணி யுரேனியத்தை உட்கொண்டிருப்பதால் தன் வயதைத் தானே கணக்கு வைக்கிறது. சுற்றிலும் உள்ள கார்னெட் தான் வளர்ந்த அழுத்தத்தைச் சொல்கிறது. ஒரே கல்லுக்குள் இவ்விரண்டும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் இடத்தைக் கண்டால், அந்த ஆழம் 55 கோடி ஆண்டுக்கு உரியதா, 250 கோடி ஆண்டுக்கு உரியதா என்பதைத் தீர்க்கலாம். வெயிலிலும் மழையிலும் வெளிறிய பாறை முகப்பைவிட, குவாரிகளில் புதிதாகப் பிளந்த முகப்பே அதற்கு ஏற்றது. நாமக்கல்லிலிருந்து பாலக்காடு வரையில் அத்தகைய முகப்புகள் நூற்றுக்கணக்கில் இன்று திறந்து கிடக்கின்றன.